பின்லாந்து ஹோஸ்ட் குடும்பம்: பேசாமல் இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி, 2 ஜூன் 2024

எனக்கு 16 வயது, ஈரோடு. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். மாணவர் பரிமாற்றத்தில் ஆகஸ்டு மாதம் பின்லாந்து போகிறேன். குவோப்பியோ பக்கத்தில் ஒரு வீட்டில் பத்து மாதம் தங்கி லுகியோவில் (அங்கே மேல்நிலைப் பள்ளி) படிக்க வேண்டும். வீட்டில் அம்மா, அப்பா, 14 வயதுப் பையன், ஒரு நாய். போன வாரம் வீடியோவில் பேசினோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள், நடுவில் எல்லோரும் சும்மா இருந்தார்கள். என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று இருக்கிறது. நான் சைவம். சவுனா என்கிற சூடான நீராவிக் குளியலை நினைத்தாலும் பயம். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன்

பயத்துக்கு முதலில் பதில். பிடிக்காத பிள்ளையைப் பத்து மாதம் வீட்டில் வைத்துச் சோறு போட யாரும் முன்வர மாட்டார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளமும் கிடையாது, வாடகையும் கிடையாது. ஆசைப்பட்டுத்தான் பெயர் கொடுக்கிறார்கள். உன் விண்ணப்பத்தையும் நீ எழுதிய கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்லியிருப்பார்கள்.

நான் மதுரையிலிருந்து போய்ப் பத்து வருடம் ஆகிறது. குவோப்பியோ இருக்கும் அதே சாவோ வட்டாரம்தான். அங்கே அம்மா, அப்பா, என்னைவிடச் சின்னவளாக ஒரு தங்கை, அவளுக்கு ஒரு தம்பி.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள். அங்கே எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். நம் வீடுகளில் வந்தவர் இரண்டு தடவை வேண்டாம் என்பார், மூன்றாவது தடவை நாமே இலையில் வைத்துவிடுவோம். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கரேலியன் பை என்று ஒன்று உண்டு. ரை என்கிற தானிய மாவில் செய்த மெல்லிய ரொட்டித் தோலுக்குள் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டு, மேலே முட்டையும் வெண்ணெயும் பிசைந்து தடவுவார்கள். அதைத் தட்டோடு என் முன்னால் நீட்டினார் அந்த அம்மா. நல்ல பசி, ஆனாலும் கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டேன். தட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது. நாங்கள் நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "நீ வேண்டாம் என்றாய். நான் உன்னை நம்பினேன்." இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் உன் வார்த்தையை மதிக்காத மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அதனால் பசித்தால் சாப்பிடுகிறேன் என்று முதல் தடவையே சொல். குளிர்கிறது என்றால் குளிர்கிறது என்று சொல். கடைக்குப் போகிறோம், வருகிறாயா என்று கேட்டால் உடனே செருப்பை மாட்டு.

4 ஜூன்

மேலே ஒருவர் "அந்த ஊர் ஆட்கள் உணர்ச்சி இல்லாதவர்கள், குளிர் மாதிரியே" என்று எழுதியிருக்கிறார். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்று, சாவோக்காரர்களை வாயாடிகள், எதையும் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைப்பவர்கள் என்று மற்ற பின்லாந்துக்காரர்களே சொல்வார்கள்.

அன்பை எங்கே பார்ப்பது என்று கேட்டால் நான் ஹெய்யாஸ்தினைக் காட்டுவேன். இருட்டில் நடக்கும்போது கார் விளக்குப் பட்டு மின்னும் பட்டை அது. நடந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் காலை என் ஜாக்கெட்டை எடுக்கப் போனேன். அதன் இரண்டு பைகளுக்குள்ளும் ஊக்கு குத்தி, அதிலிருந்து நூலில் ஒரு பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கால் உயரத்துக்குச் சரியாக வருகிற மாதிரி நூலை அளந்து முடிச்சுப் போட்டிருந்தார் அந்த அப்பா. காரின் விளக்கு தாழ்வாகத்தானே விழும். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நன்றி சொன்னபோது "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை ஊற்றினார்.

4 ஜூன், இரவு

யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும். பின்லாந்து வீடுகளில் கழிப்பறையில் கை ஷவர் இருக்கும், தண்ணீருக்குக் கவலையே வேண்டாம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இந்த இரண்டிலும் நம் வீடு மாதிரியே.

7 ஜூன்

சாப்பாடு. உன் விண்ணப்பத்தில் "சைவம்" என்று எழுதியிருந்தாலும் விளக்கமாக ஒரு கடிதம் போடு. முட்டை சாப்பிடுவாயா, மீன் சாப்பிடுவாயா, இறைச்சி வெந்த குழம்பிலிருந்து காயை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதுமா என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சைவம் என்றால் மீன் உண்டு என்று நினைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

மதியச் சாப்பாடு பள்ளியிலேயே, இலவசம். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு என்று 1943-இல் சட்டம் போட்டு 1948 முதல் நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்து கையில் ஒன்றும் இல்லாத நாடு அப்போது. காமராசர் காலத்துக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வரிசையில் தட்டோடு நிற்கும்போது கொஞ்சம் நெஞ்சு நிறையும். லுகியோவிலும் உண்டு. பதினொரு மணிக்கே மணி அடித்துவிடும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு உருளைக்கிழங்கு அல்லது சோறு, கால் பங்கு பருப்போ இறைச்சியோ என்று ஒரு மாதிரித் தட்டு முன்னால் வைத்திருப்பார்கள். சைவத்துக்குத் தனி வரிசையோ தனிப் பாத்திரமோ இருக்கும்.

வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஐந்து மணிக்கே முடிந்துவிடும். எட்டு மணிக்கு இல்தபலா என்று ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், தயிர் ஏதாவது. அதை யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து நீயே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டுவிடு, அதோடு முடிந்தது. சாப்பிட்டு எழும்போது "கீத்தோஸ் ருவாஸ்தா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சமைத்தவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தட்டை நீயே கொண்டுபோய் வை. சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

நமக்குத் தெரிந்த ருசிகளும் உண்டு. பீமா என்பது கெட்டியான மோர், உப்புப் போட்டால் நம் மோரேதான். புல்லா என்கிற இனிப்பு ரொட்டியில் ஏலக்காயை நுணுக்கிப் போடுகிறார்கள். அந்த வாசனை வீட்டுக்குள் வரும் நாளில் உனக்கு ஊர் ஞாபகம் வரும், சொல்லிவைக்கிறேன்.

பெருங்காயம், சாம்பார் பொடி, கொஞ்சம் புளி கொண்டு போ.

8 ஜூன்

ஹெல்சின்கி பக்கத்து நகரமான எஸ்போவில் இருக்கும் ஒருவர் "நீங்கள் சொல்வது கிராமத்துக் குடும்பம், இங்கே ஆறு ஏழு மணிக்குத்தான் சாப்பிடுகிறோம்" என்கிறார். இருக்கலாம். இன்னொருவர் வாசா பக்கம் ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில் இருந்தாராம். அங்கே நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போல ஸ்வீடிஷ்தான் பேசுகிறார்கள், அவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களே வேறு. அதனால் நான் எழுதுவதை என் வீட்டுக் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

11 ஜூன்

இந்தக் கேள்வியை எழுதிய பெண்ணின் அம்மா நேரடியாகக் கேட்டிருக்கிறார். அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் இதையேதான் கேட்டார். சவுனாவில் துணியில்லாமல்தான் உட்காருவார்கள், உண்மை. ஆனால் பெண்கள் ஒரு முறை, ஆண்கள் ஒரு முறை என்று பிரிந்து போவது சகஜம். நீச்சல் உடை போட்டுக்கொள்கிறேன் என்றாலோ துண்டு கட்டிக்கொள்கிறேன் என்றாலோ வீட்டில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வரவே மாட்டேன் என்றாலும் சரிதான். மகள் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் போவதற்கு முன்னால் வீட்டில் இதைப் பற்றி ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். எது சரி, எது சரியில்லை என்று தனக்குத் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கே "வேண்டாம்" சொல்ல வாய் வரும்.

ஏதாவது உறுத்தலாக இருந்தால் சொல்ல, அந்த ஊரிலேயே ஒரு தொடர்பாளர் ஒவ்வொரு மாணவருக்கும் இருப்பார். அவர் எண்ணை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

சவுனாவைப் பற்றி இன்னும் எழுத வேண்டும், நேற்று அம்மாவுக்குப் பதில் சொல்வதில் போய்விட்டது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டில் முப்பது லட்சத்துக்கு மேல் சவுனா. 2020-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம்.

முதலில் ஷவரில் உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். உள்ளே மரப்படி மாதிரி இருக்கும், மேல் படி அதிகச் சூடு, கீழ்ப்படி குறைவு. நான் கீழேதான் உட்காருவேன். அடியில் ஒரு சின்னத் துண்டு. அடுப்பின் மேல் கருங்கல் குவிந்திருக்கும், அதில் கரண்டியால் தண்ணீர் ஊற்றுவார்கள். "ஸ்ஸ்" என்ற சத்தம் அடங்கும் முன்னே சூடு காதுமடலில் வந்து உட்காரும். மூக்கால் இழுக்காமல் வாயால் மெதுவாக மூச்சு விடு, பழகிவிடும். போதும் என்றால் எழுந்து வெளியே வந்துவிடலாம், யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

சவுனாவில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்தைச் சாவோவில் வஸ்தா என்பார்கள், மேற்குப் பக்கம் அதையே விஹ்தா என்பார்கள். எது சரி என்று உன் பள்ளியில் கேட்டுப் பார், அரை மணி நேரம் பேச்சுக்குக் குறையே இருக்காது.

நான் சொல்ல வந்தது வேறு. பகலெல்லாம் நாலு வார்த்தை பேசாத அந்த அம்மா சவுனாவில்தான் பேசுவார். முகத்தைப் பார்க்க வேண்டாம், இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அரை இருட்டு. தன் அம்மாவோடு பேசாமல் இருந்த வருடங்களைப் பற்றி அங்கேதான் சொன்னார். எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுததும் அங்கேதான். நம் ஊரில் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வரும் பேச்சு மாதிரி. அதற்காகவே போ என்று சொல்வேன், உடை எதுவாக இருந்தாலும்.

20 ஜூலை

மொழி. இதில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. துலி என்றால் தீ, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் திணறுவார்கள். குறில் நெடிலும் ஒற்றும் படித்த நமக்கு அது ஒன்றுமே இல்லை. வேற்றுமை உருபு பதினைந்து என்று பயமுறுத்துவார்கள். தலொஸ்ஸ, தலொஸ்த, தலோன்: வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு. நாம் பேசுவதும் அப்படித்தான். ஃபின்னிஷில் அவன், அவள் என்ற ஆண்பால் பெண்பால் பிரிவும் கிடையாது.

கஷ்டம் எங்கே என்றால், புத்தகத்தில் படித்த மொழியை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். புத்தகத்தில் "மினா", வாயில் "மா" மாதிரி ஒன்று, வட்டார வழக்கில் இன்னும் வேறு. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது நமக்குப் புதிதா என்ன.

கிறிஸ்துமஸ் வரை ஆங்கிலம், அதற்கப்புறம் ஃபின்னிஷ் என்று எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இன்று யோசித்தால் அக்டோபரிலேயே தொடங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. முதலில் நாயோடு பேசு. இஸ்து என்றால் உட்கார், துலெ என்றால் வா. அது உன் உச்சரிப்பைத் திருத்தாது, பொறுமையாகக் கேட்கும்.

21 ஜூலை

அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாய். பெயர் சொல்லித்தான். பள்ளியில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான். சார், மிஸ் எல்லாம் கிடையாது. எனக்கு வாய் வரவே இல்லை. கொஞ்ச நாள் பெயரே சொல்லாமல் முன்னால் போய் நின்று பேசினேன். பிறகு அந்தத் தங்கை அவளுடைய அம்மாவைக் கூப்பிடும் மாதிரி "ஐத்தி" என்று கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சரி என்றார். ஆனால் இதை எல்லோரும் விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுவிட்டுச் செய்.

25 ஆகஸ்டு

வந்து சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். "ஏழு மணிக்கு மேல் எல்லோரும் அவரவர் அறைக்குள் போய்விடுகிறார்கள், நானும் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

கதவைத் திறந்து வை. சாத்திய கதவை அங்கே யாரும் தட்ட மாட்டார்கள், உனக்குத் தனிமை வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் செய். யாராவது காபி போட வருவார்கள், ரொட்டி வெட்ட வருவார்கள். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இரு.

அப்புறம் வேலை கேள். "என்ன வேலை செய்யட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். "சாயங்காலம் நாயை நான் கூட்டிப் போகட்டுமா?" என்று குறிப்பாகக் கேள். அந்தப் பையனும் கூட வருவான். 14 வயதுப் பையன் எதிரே உட்கார்ந்து பேச மாட்டான், பக்கத்தில் நடந்தால் பேசுவான்.

பாத்திரம் கழுவினால் துடைக்க வேண்டியதில்லை. தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியைத் திறந்து பார், அடியில் பலகைக்குப் பதில் கம்பி வலை. ஈரத் தட்டை அதில் செருகிக் கதவை மூடிவிட்டால் தண்ணீர் தொட்டியிலேயே சொட்டிக் காய்ந்துவிடும். 1940-களில் மையூ கெப்ஹார்த் என்ற பெண் இதை அங்கே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுப் பெண்கள் பாத்திரம் துடைத்தே எவ்வளவு காலத்தைக் கழிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டவர் அவர். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் இப்படி ஒன்று செய்து மாட்டச் சொல்லி அப்பாவை நச்சரித்து மாட்டவைத்தேன். இன்றும் இருக்கிறது.

14 செப்டம்பர்

பள்ளியில் தோழிகள் கிடைக்கவில்லை என்கிறாய். லுகியோவில் "என் வகுப்பு" என்று ஒன்று இல்லாததுதான் காரணம். பாடம் பாடமாக நீ தேர்ந்தெடுக்கிறாய், ஒவ்வொன்றுக்கும் வேறு முகங்கள், ஆண்டை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேர்வு வாரம், அடுத்த பகுதியில் மறுபடி எல்லாம் மாறும். ஓவியம், சமையல், விளையாட்டு, பாடல் குழு என்று கையும் உடம்பும் அசையும் பாடங்களை எடு, அங்கே பேச்சு தானாக வரும்.

இன்னொன்று, இதை இன்றே செய். பிப்ரவரி நடுவில் வன்ஹொயென் தன்சித் என்று ஒரு நடன நாள். கடைசி ஆண்டு மாணவர்கள் வியாழக்கிழமை லாரியில் ஏறி ஊரெல்லாம் மிட்டாய் வீசிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். மறுநாள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் "இனி பள்ளியில் நாங்கள்தான் மூத்தவர்கள்" என்று நீளப் பாவாடையும் கோட்டும் போட்டுப் பழைய ஜோடி நடனங்களை ஆடுவார்கள். பரிமாற்ற மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒத்திகை ஒரு பாடமாகவே நடக்கும், பெயரை முன்னாலேயே கொடுக்க வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் பொதுவான வில்மா இணையத் தளத்தில் உன் ஆலோசகருக்கு ஒரு செய்தி போடு. நீ வகுப்புக்குப் போகாவிட்டாலும் அதே வில்மாவில் ஹோஸ்ட் பெற்றோருக்குத் தெரிந்துவிடும், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

நான் பட்டுப்புடவையில் ஆடினேன். இடுப்பில் ஊக்கு அதிகம் தேவை.

29 அக்டோபர்

கடிகாரம் மாறிவிட்டது. இதுவரை நம் ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருந்தது, இப்போது மூன்றரை. நீ நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது ஈரோட்டில் ஏழரை.

தினமும் வீட்டுக்குப் பேசலாமா என்று முன்பு ஒருவர் கேட்டபோது வாரம் ஒரு முறை போதும் என்று எழுதினேன். அதையே சட்டமாகச் சொல்ல இப்போது மனம் வரவில்லை. நவம்பரில் பல நாள் பனியும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. டிசம்பரில் குவோப்பியோவில் பகல் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு, ஹெல்சின்கியிலேயே ஆறு மணி நேரம் இல்லை. அந்த வாரங்களில் அம்மா குரல் வேண்டும் என்றால் பேசு. ஆனால் ஐந்து மணிச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம். அந்த ஒரு வேளைதான் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது.

வைட்டமின் டி மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கிற வெளிச்சத்தில் ஒரு நடை. இரண்டையும் விடாதே.

3 நவம்பர்

வேறொரு பையன், வேறு ஊர், குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை, சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ என்று எழுதியிருக்கிறான். தம்பி, சொல். தொடர்பாளரிடம் முதலில், தள்ளிப்போடாமல். ரோட்டரி வழியாகப் போகிறவர்களுக்கு ஓராண்டில் குடும்பம் மாறுவது வழக்கமே. மற்ற திட்டங்களிலும் காரணம் இருந்தால் மாற்றுவார்கள். என்னோடு வந்த ஒருத்தி இரண்டாவது மாதமே மாறினாள். பழைய குடும்பம் அவளை ஈஸ்டருக்குக் கூப்பிட்டது, அவளும் போனாள். பொறுத்துப் பொறுத்துப் போய்க் கடைசியில் வெடிப்பதுதான் அவர்களுக்குப் புரியாத விஷயம்.

5 டிசம்பர்

நாளை அவர்கள் சுதந்திர தினம், 1917 டிசம்பர் 6. சாயங்காலம் ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அப்புறம் குடியரசுத் தலைவர் விருந்துக்கு வருகிறவர்களுக்கு வரிசையாகக் கை குலுக்குவதை டிவியில் மணிக்கணக்காகப் பார்த்து, யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்று பேசுவார்கள். உட்கார்ந்து பார், நல்ல பொழுதுபோக்கு.

கிறிஸ்துமஸுக்கு வேலையைப் பங்கு கேள். 24-ஆம் தேதிதான் பெரிய நாள். காலையில் அரிசிக் கஞ்சி, அதில் ஒரே ஒரு பாதாம். நண்பகலில் துர்க்கு நகரத்தில் கிறிஸ்துமஸ் அமைதி அறிவிப்பதை டிவியில் பார்ப்பார்கள். பிறகு கல்லறைக்குப் போய்த் தங்கள் ஆட்களுக்கு விளக்கு வைப்பார்கள். உன்னைக் கூப்பிட்டால் போ, அது வெளி ஆளைக் கூப்பிடும் இடம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி நடுவில் இருக்கும், ஆனால் காரட்டும் லன்ட்டு என்கிற மஞ்சள் நிறக் கிழங்கும் மசித்துச் சுட்டது உண்டு, உனக்கு அதுவே போதும்.

22 பிப்ரவரி 2025

நடனப் படம் பார்த்தேன். அந்தப் பையன் முதல் வரிசையில் நின்று கை தட்டுகிறானே!

ஆண்டின் பத்தாவது வாரத்தில் வரும் பனிச்சறுக்கு விடுமுறைக்கு மொக்கிக்கு வருகிறாயா என்று ஒரு தடவை கேட்டார்கள், நானும் உடனே வருகிறேன் என்றேன் என்று எழுதியிருக்கிறாய். அருமை. ஏரிக்கரை மர வீடு அது. பல இடங்களில் உள்ளே குழாய்த் தண்ணீர் இருக்காது, கழிப்பறை தனியாக வெளியே, ராத்திரிக்குத் தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடு. உறைந்த ஏரி மேல் ஒருவர் நடக்கப் பனிக்கட்டி ஐந்து சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும் என்பார்கள், மார்ச் தொடக்கத்தில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், ஆனாலும் நீரோட்டம் உள்ள இடத்தைக் காட்டித்தரச் சொல்.

சவுனாவிலிருந்து எழுந்து ஏரியில் வெட்டிய துளைக்குள் இறங்கலாமா என்று கேட்டாய். உடம்பு நன்றாக இருந்தால் இறங்கு, தனியாக மட்டும் வேண்டாம். ஏணியைப் பிடித்துக்கொண்டே மெதுவாக, கழுத்து வரை, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வெளியே விட்டுக்கொண்டே. தலையை நனைக்காதே, தொப்பியோடு இறங்குவதுதான் வழக்கம். துண்டை ஏணிக்குப் பக்கத்திலேயே போட்டு வை. எப்படி இருந்தது என்று எழுது.